எண்பதில் வெட்டுது

அறுபது. முள் அறுபதை விட்டு அசையமாட்டேன் என்கிறது. என் மனைவி சாந்தாமணி ஸ்டீயரிங்கைச் சல்லடையைப் பிடிப்பதுபோல இரண்டு பக்கமும் அளவாகப் பிடித்துக்கொண்டு, முதுகை சீட்டில் சாய்க்காமல், தினமும் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற மாதிரியேதான் ஓட்டுகிறாள். நாமக்கல் தாண்டி நாலுவழிச் சாலையில் ஏறிப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். பின்னால் எழுநூறு அட்டை முட்டை, கரூருக்கு. ஞாயிற்றுக்கிழமை காலை, அவளுக்கு வேன் லீவு. வெயில் என் பக்கத்து ஜன்னலில் விழுகிறது. பதினாறு வருஷமாக இது என் வண்டி, இதன் இடது பக்கத்து சீட்டில் இன்றைக்குத்தான் முதல்தடவை உட்கார்ந்திருக்கிறேன். இந்தப் பக்கம் ஸ்பிரிங் இவ்வளவு குத்தும் என்று யாரும் சொன்னதில்லை. தோள்பட்டை பிடித்துக்கொண்டது, கை தூக்க முடியவில்லை, நீ ஓட்டு என்று காலையில் அவளிடம் சொன்னேன். பொய். தோள்பட்டை நன்றாகத்தான் இருக்கிறது. சொன்ன பொய்க்காக அதை அவ்வப்போது நீவிக்கொண்டே வருகிறேன், நீவி நீவி இப்போது நிஜமாகவே வலிக்கிற மாதிரி இருக்கிறது, உடம்பு நாம் சொல்வதை இவ்வளவு சுலபமாக நம்புமா, அப்படியானால் மற்றதும் அப்படித்தானோ, நானே நினைத்து நினைத்து வரவழைத்துக்கொண்டதோ. இல்லை. அது நினைப்பதற்கு முன்னால் வந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால், பரமத்தி தாண்டி, இதே மாதிரி லோடோடு எண்பதில் போகும்போது வண்டி வெட்டியது. பின்னாலிருந்து யாரோ வாலைப் பிடித்து இழுத்து விட்டதுபோல ஒரு வெட்டு, ஒரு விநாடி சும்மா, பிறகு அடுத்தடுத்து மூன்று. காலை எடுத்தேன். அறுபதுக்கு வந்ததும் நின்றுவிட்டது. அட்டைகளுக்கு நடுவில் முட்டை உடைந்து கரூர் போய் இறங்கும்போது மஞ்சள் வடிந்திருந்தது. டீசலில் தண்ணீர் இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

பரமத்தி வேலூர் பைபாஸில் பட்டறை வைத்திருக்கிற ஜமால் பாய் கை வைக்காத பாகம் இந்த வண்டியில் கிடையாது. டீசல் பில்டரை மாற்றினார், குழாயெல்லாம் ஊதிப் பார்த்தார், காலி வண்டியை ஆற்றோர ரோட்டில் நாற்பதிலும் ஐம்பதிலும் ஓட்டிவிட்டு வந்து, கையைத் துடைத்துக்கொண்டே, "வண்டி தங்கமா இருக்குதுங்கண்ணா. உங்க காலுதான் தட்டுதோ என்னமோ" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் அந்த வார்த்தை உள்ளே இறங்கியது. கால் தட்டுது. என் வலது கால். ஆக்ஸிலேட்டரின் மேல் இருக்கிற கால். கால் துள்ளினால் வண்டி துள்ளும். வண்டி துள்ளினால் அதன்மேல் இருக்கிற காலும் துள்ளும். இரண்டில் எது முதலில் என்று ஓட்டுகிறவனுக்கு எப்படித் தெரியும்? அதற்குப் பிறகு நாலு தடவை வந்தது, நாலு தடவையும் காலையே பார்த்தேன், ரோட்டைப் பார்க்காமல் காலைப் பார்த்துக்கொண்டு எண்பதில் போனேன், ஆனாலும் தெரியவில்லை. இரண்டும் ஒன்றாகவே துள்ளின. காலையில்தான் வருகிறது. மத்தியானம் காலி வண்டியோடு திரும்பும்போது ஒருநாளும் வந்ததில்லை. காலையில்தான். அந்த நேரக்கணக்கு வண்டிக்கு எப்படித் தெரியும், எனக்கல்லவா தெரியும்.

பதினேழு வயதில் முதலில் போனது ஒரு டம்ளர். திருச்செங்கோட்டில் ஐடிஐ படித்துக்கொண்டிருந்தேன், விடுதியில் காலையில் எழுந்து பல் துலக்கிவிட்டு நிற்கிறேன், கையிலிருந்த காப்பி டம்ளர் தானாக எகிறி எதிரே நின்றவன் சட்டையில் போய் விழுந்தது. அவன் அடிக்க வந்தான். நான் எறியவில்லை என்று சொன்னேன், நம்பவில்லை, நானே நம்பவில்லை. கை தன்பாட்டுக்கு வெட்டியது. பிறகு சில நாள் சீப்பு, சில நாள் பேனா. ஆறு மாதம் கழித்துப் பட்டறை வகுப்பில் முழுதாக வந்தது. எனக்கு ஞாபகம் இருப்பது அதற்கு முன்னால் அரத்தால் ராவிய இரும்பின் வாசனையும் அதற்குப் பின்னால் வாய்க்குள் இருந்த ரத்தமும்தான். கையில் ஒரு ஸ்பேனரைத் திணித்து விரல்களை மூடிப் பிடித்திருந்தார்கள். சுற்றி நின்ற முகங்கள். அந்த முகங்களை மறுபடி பார்க்கக் கூடாது என்பதற்காக எதை வேண்டுமானாலும் செய்வேன் என்று அப்போது நினைத்தேன், செய்தும் விட்டேன். சேலத்து டாக்டர் இது காலையில் வருகிற வெட்டு வலிப்பு, தூக்கம் கெடக்கூடாது, மாத்திரையை விடவே கூடாது என்றார். விடவில்லை, கல்யாணம் வரைக்கும். பெண் வீட்டில் சொல்லவில்லை. புதுவீட்டில் ஒரே அறை, ஒரே பீரோ, மாத்திரை அட்டையை எங்கே ஒளிப்பது? கல்யாணத்துக்கு முந்தின நாள் கோழி எருக்குழியில் போட்டுக் குச்சியால் கிளறி மூடினேன். ஒரு வருஷம் பயந்துகொண்டே இருந்தேன். வரவில்லை. மூன்று வருஷம். வரவில்லை. லைசென்ஸ் எடுத்தேன், அந்தத் தாளில் அப்படி எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட்டேன், மகள் பிறந்தாள், வண்டி வாங்கினேன், மகள் வளர்ந்து கோயம்புத்தூரில் வேலைக்கும் போய்விட்டாள். போய்விட்டது என்றுதான் நினைத்தேன். போகவில்லை போலிருக்கிறது. எண்பதில் வந்து காத்திருக்கிறது.

"கொஞ்சம் வேகமாப் போலாம்."

"முட்டை இருக்குதுங்க."

"எழுபது, எண்பது போலாம். நான் தெனமும் போறதுதான்."

"நீங்க போவீங்க. எனக்கு வேன்ல நாப்பதுக்கு மேல போனா ஸ்பீடு அலாரம் ஊளையுடும். எனக்குப் பழக்கமில்லை."

சொல்லிவிட்டு எழுபது வைத்தாள். எழுபது. வண்டி வழுக்கிக்கொண்டு போகிறது. நான் என்ன ஏற்பாட்டில் இதில் உட்கார்ந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது. ஏற்பாடு இதுதான்: அதே லோடு, அதே ரோடு, அதே காலை நேரம், அதே எண்பது, கால் மட்டும் வேறு. கரூர் போய்ச் சேர்வதற்குள் ஒரு தடவையாவது வெட்டினால் வண்டி. வெட்டவில்லை என்றால் நான். நானாக இருந்தால் அடுத்த வாரமே வண்டியை விற்றுவிடுவது, ஏன் என்று கேட்பார்கள், முதுகுவலி என்று சொல்வது, முதுகுவலிக்காரனாக மிச்ச நாளை ஓட்டுவது. இது முடிவு. முந்தாநாள் எடுத்தேன். கூலிக்கு ஒரு டிரைவரை வைத்துப் பார்த்திருக்கலாம், ஆனால் நல்ல வண்டியில் இவர் எதைப் பார்க்கச் சொல்கிறார் என்று அவன் ஊரெல்லாம் சொல்லித் திரிவான். அதனால் இவள். உலகத்திலேயே இதை யாரிடம் மறைக்க வேண்டுமோ அவளிடமே கொடுத்து ஓட்டச் சொல்லியிருக்கிறேன். முட்டாள்தனமா, வேறு வழியில்லாததா, தெரியவில்லை. அவள் ஓட்டும்போது வண்டி வெட்ட வேண்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற புருஷனை என்ன சொல்வது? பக்கத்தில் லாரி வரும்போது வெட்டினால்? அப்போது வேண்டாம். லாரி போனபிறகு. லாரி போய்விட்டது. இப்போது. இப்போது வெட்டலாம். என் வலது காலை இடதுகாலால் மிதித்துக்கொண்டிருக்கிறேன் என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

"ஏனுங்க, எதுக்கு என்ர காலையே பாத்துட்டு வர்றீங்க?"

"இல்லயே."

"பாக்கறீங்க. செருப்புப் புதுசு, போன மாசம் வாங்கினது. கேக்கறதுன்னா நேரா கேளுங்க."

சிரிப்பு வந்தது. சிரித்தால் சந்தேகப்படுவாள், சிரிக்காவிட்டாலும் சந்தேகப்படுவாள். "செருப்பு நல்லாருக்குது" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ரோட்டுக்குத் திரும்பினாள். பதினைந்து நாளாக இந்தப் பார்வை இருக்கிறது. ராத்திரி நான் எழுந்து உட்கார்ந்திருப்பதையும், இரண்டு நாள் லோடை வேறு ஆளிடம் விட்டதையும் அவள் எதிலோ சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறாள். எதில் என்று கேட்கத் தைரியம் இல்லை. கீரம்பூர் தாண்டிவிட்டது. எழுபத்தைந்து. கோழிப்பண்ணைகளின் தகரக் கூரைகள் வரிசையாகப் பின்னால் போகின்றன. ஒரு பாலத்தின் இணைப்பில் தடக் என்றது, நான் இருக்கையின் விளிம்பைப் பிடித்தேன், அது ரோடு, வெறும் ரோடு. எண்பது. முள் எண்பதைத் தொட்டுக்கொண்டு நடுங்குகிறது. எஞ்சின் சத்தம் ஒரே இழையாகப் போகிறது. ஒரு நிமிஷம். இரண்டு. இந்தச் சத்தத்தை நான் இத்தனை வெறுப்போடு கேட்டதில்லை, இவ்வளவு நன்றாக ஓடுகிறாயே பாவி, எனக்குக் கீழே மட்டும்தான் உனக்கு அப்படியா. மூன்று நிமிஷம். பரமத்தி பிரிகிற போர்டு வந்து போய்க் கொஞ்ச தூரமும் ஆகிவிட்டது. இந்த இடத்துக்குள் வந்திருக்க வேண்டும். எப்போதும் இதற்குள் வந்துவிடும். சரி. அப்படியானால் நான்தான். என்ன ஆச்சரியம், அழுகை வரவில்லை, வெறும் களைப்புதான். நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்தேன், கண்ணாடி சுட்டது, வண்டியை யாருக்கு விற்பது, முட்டை ஏஜென்ட்டிடம் என்ன சொல்வது, மகளுக்கு இது வந்திருக்குமோ, அவள் சின்ன வயதில் டம்ளரைக் கீழே போடுவாளே, எல்லாக் குழந்தைகளும் போடும், போடும்தான், ஆனால்

வண்டி வெட்டியது.

என் தலை கண்ணாடியில் இடித்தது. ஒன்று. பிறகு ஒன்றுமில்லை. நான் மூச்சு விடவில்லை. இது ரோடா, நானா, என் தலைதான் துள்ளி இடித்ததா? பிறகு இரண்டு, மூன்று, பின்னால் அட்டைகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம்.

"ஏனுங்க!" சாந்தாமணியின் குரல் உயர்ந்தது. "என்னுங்க இது, புடிச்சுப் புடிச்சு இழுக்குது! நான் எதாவது தப்புப் பண்ணிட்டனா?"

அந்தக் கேள்வியை அவள் கேட்ட விதத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். நான் எதாவது தப்புப் பண்ணிட்டனா. அவளுக்கும் அதேதான் தோன்றியிருக்கிறது, தன் கால் என்றுதான். எவ்வளவு நல்ல வார்த்தை. இழுக்குது. வண்டி இழுக்குது. எனக்குக் கண் மறைத்தது, வாய் மட்டும் எப்படியோ டிரைவர் வாயாகவே இருந்தது: "உனக்கு ஒண்ணுமில்லை. பயப்படாத. கிளட்ச்ச மிதி." மிதித்தாள். வெட்டுவது நின்றது, வண்டி அதே வேகத்தில் மிதந்துகொண்டு போனது. "விடு." விட்டாள். மறுபடி வெட்டியது. அப்படியானால் சக்கரம் இல்லை, சக்கரத்துக்குப் போகிற ராடு இல்லை, எஞ்சின், எஞ்சினுக்கு டீசல் போதவில்லை, என் மூளை மூன்று வாரத்தில் முதல்தடவையாக ஒரு நேர்கோட்டில் ஓடியது, அந்த ஓட்டமே சுகமாக இருந்தது. "மெதுவா ஓரங்கட்டு."

ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தினாள். இரண்டு பேரும் இறங்கவில்லை. நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியாது, துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தேன். தோள்பட்டை ரொம்ப வலிக்குதா என்றாள். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எடுக்கச் சொன்னேன். எடுத்தாள். எண்பது வரைக்கும் அலுங்காமல் போயிற்று, நாலைந்து நிமிஷம் நன்றாகப் போயிற்று, திரும்ப வெட்டியது. அறுபதுக்கு இறக்கினாள், நின்றது. அவளுக்குப் பயம் போய் இப்போது ஒரு ஆர்வம் வந்திருந்தது, நாக்கைக் கடித்துக்கொண்டு ஏற்றியும் இறக்கியும் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்:

"இளநி குடிக்கறப்ப ஸ்ட்ரா நுனில வழுக்கை போயி ஒட்டிக்கும் பாருங்க. மெதுவா உறிஞ்சுனா வரும். இழுத்து உறிஞ்சுனா அடைச்சுக்கும். விட்டா வழுக்கை தானா நழுவிரும். அந்த மாதிரியே இருக்குதுங்க."

நான் அவளையே பார்த்தேன். லோடு ஏற்றிக்கொண்டு எண்பதில் போனால்தான் எஞ்சின் இழுத்து உறிஞ்சும். காலையில்தான் லோடு. மத்தியானம் காலி. ஜமால் பாய் ஓட்டியதும் காலி. காலை நேரம் என்று நான் என் உடம்பின் தலையில் எழுதி வைத்திருந்தது எல்லாம் எழுநூறு அட்டை முட்டையின் கனம்தான். இவ்வளவுதான். இதை மூன்று வாரம் பக்கத்தில் படுத்திருந்தவளிடம் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாள்.

ஜமால் பாய் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரைக்கும் கடை திறந்திருப்பார், போகிற வழியில் அங்கே திருப்பச் சொன்னேன். வண்டியை வேப்பமரத்து நிழலில் போடச் சொல்லிவிட்டு, இளநீர்க் கதையை சாந்தாமணி வாயாலேயே முழுதும் கேட்டார். "அக்கா சொல்றது சரியாத்தான் இருக்கும்" என்று டேங்க்கின் மேல்மூடியைக் கழற்றி, வளைத்த கம்பியை உள்ளே விட்டுத் துழாவினார். முதலில் ஒன்றும் வரவில்லை. இரண்டாவது, மூன்றாவது தடவையும் வரவில்லை. பிறகு கம்பியின் நுனியில் சொதசொதவென்று ஒரு பாலிதீன் துண்டு தொங்கிக்கொண்டு வந்தது, உள்ளங்கை அகலம், பழுப்பு நிறம், டீசல் சொட்டியது. "உறிஞ்சற குழாய் வாயில போயி ஒட்டிட்டு இருந்திருக்குதுங்கண்ணா. நீங்க வண்டிய நிறுத்தறப்பல்லாம் கீழ விழுந்துரும். நான் எப்படிக் கண்டுபிடிக்கறது?" என்றார் ஜமால் பாய். போன மாசம் நடுவழியில் டீசல் தீர்ந்து கேனில் வாங்கி வந்து ஊற்றினேன். கேன் மூடி இறுகாது என்று பெட்ரோல் பங்கில் ஒரு பாலிதீனை மடித்து வாயில் வைத்துத் திருகிக் கொடுத்தார்கள். அவசரத்தில் மூடியைத் திறந்தேன், அப்படியே கவிழ்த்தேன். நானேதான் ஊற்றியிருக்கிறேன். அந்தத் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அதற்குக் கனமே இல்லை.

திரும்ப வண்டியில் ஏறி உட்கார்ந்தோம், அவள் ஸ்டீயரிங் பக்கம், நான் இந்தப் பக்கம். அவள் உடனே எடுக்கவில்லை.

"மூணு வாரமா இதுதானா? ராத்திரி கொட்டக் கொட்ட முழிச்சுட்டு உக்காந்திருந்தது, வண்டி இழுக்குதுன்னா?"

"ஆமா."

"நான் என்னென்னமோ நெனச்சுட்டேன்" என்றாள். என்னென்னமோ என்பது என்ன என்று அவள் சொல்லவில்லை. "வண்டி இழுக்குதுன்னு பொண்டாட்டிகிட்டச் சொல்றதுக்கு என்னுங்க வெக்கம்?"

பதில் தயாராக இருந்தது. உன்னைப் பயமுறுத்த வேண்டாம் என்று பார்த்தேன் என்று சொன்னால் முடிந்தது, நம்புவாள், கொஞ்சம் திட்டுவாள், கரூர் போய்விடுவோம். இனிமேல் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. பாலிதீன் வெளியே வந்துவிட்டது, வண்டிதான், நான் இல்லை. எல்லாம் சரியாகிப்போன இந்த நேரத்தில் எதற்கு என்று உள்ளே ஒன்று கேட்டது. ஆனால் பயம் போன இடம் அப்படிக் காலியாகக் கிடந்தது, அதில் மறுபடி அதே பொய்யை எடுத்து வைக்க எனக்குத் தெம்பு இல்லை. "வண்டி இல்ல, நான்தான்னு நெனச்சேன்" என்றேன். பிறகு சொன்னேன். டம்ளரிலிருந்து எருக்குழி வரைக்கும், கண்ணாடிக்கு வெளியே பட்டறைச் சுவரைப் பார்த்துக்கொண்டே. முடிந்ததும் மூன்று கேள்வி கேட்டாள்.

"முழுசா எத்தனை தடவை வந்துச்சு?"

"அஞ்சு."

"கடைசியா?"

"இருபத்தேழு வருசமாச்சு."

"மாத்திரைய நிறுத்தச் சொல்லி யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல."

அவள் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "முப்பது குழந்தைங்கள ஏத்திட்டு ஓட்டறவ நான். கண்ணு லேசாச் செவந்தாக்கூட லீவு சொல்லிட்டு வீட்ல உக்காந்துக்கறேன். நீங்க என்னடான்னா நீங்கதான்னு நெனச்சுட்டு, நெனச்சுக்கிட்டே, மூணு வாரம் இந்த ரோட்டுல எண்பதுல..." முடிக்கவில்லை. "எதிர்ல ஒரு பைக்குக்காரன் வந்திருந்தா?" ஜமால் பாய் எட்டிப் பார்த்துவிட்டு, என்ன புரிந்ததோ, உள்ளே போய்விட்டார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், மூக்கை உறிஞ்சினாள், கண்ணாடியைச் சரிசெய்தாள்.

"நாளைக்கு ஆஸ்பத்திரி போறோம். தலைக்குப் பாக்கற டாக்டர். அவரு ஓட்டலாம்னு எழுதிக் குடுக்கற வரைக்கும் சாவி என்ர பையில இருக்கும். விடியக்காலைல நான் லோடு எறக்கிட்டு வந்து வேனுக்குப் போய்க்கறேன், முடியாத நாளுக்கு ஆளு வெச்சுக்கலாம். சரிங்களா?"

சரி என்றேன். இப்படி ஒரு உத்தரவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. முதுகிலிருந்து முழு லோடையும் யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. "இன்னும் உங்ககூட எனக்குக் கோவம் தீரல" என்றாள், வண்டியை எடுத்தாள். தெரியும் என்றேன். ரோட்டில் ஏறி அறுபது, எழுபது, நான் கேட்காமலே எண்பது வைத்தாள். இரண்டு பேரும் காத்திருந்தோம், அவள் காலில், நான் காதில். எதுவும் வரவில்லை. வண்டி ஒரே இழையாகப் போனது, இப்போது அந்தச் சத்தம் காதுக்கு அவ்வளவு இதமாக இருந்தது. காவிரிப் பாலம் வந்தது. பதினாறு வருஷமாகத் தினம் இரண்டு தடவை கடக்கிற பாலம், ஓட்டுகிறவன் கண் முன்னாலிருக்கிற பஸ்ஸின் முதுகிலேயே இருக்கும். இன்றைக்குக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். எவ்வளவு அகலம். நடுவில் மணல்திட்டு, அதில் வெள்ளை வெள்ளையாக ஏதோ பறவை, வெயிலில் நீர் தகடு தகடாக மின்னிக்கொண்டு கிழக்கே போகிறது.

"தண்ணி போகுதுங்களா?" என்றாள் சாந்தாமணி, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"போகுது" என்றேன். "நெறயப் போகுது."